நிறை குறையாத பாண்

தில்லையடியில் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பிள்ளைகள் பாண் வாங்கக் கடைக்கு ஓடுவார்கள். ஒரு றாத்தல் பாணும் சம்பலும் பிளேன்டீயும் இருந்தால் பல வீடுகளில் காலைச் சாப்பாடு முடிந்துவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, உம்மா என்னை வயிற்றில் சுமந்தபடி யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வந்து சேர்ந்தார். கிடுகுக் கொட்டிலில் ஒரு பாணை ஏழு பேருக்குப் பிரித்துத் தந்தவர் அவர்.

நான் வேலை செய்யும் பெண்கள் சேமிப்புக் குழுவில் நான்கு சகோதரிகள் பாண் போட விரும்பினார்கள். அதில் இருவர் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்குபவர்கள். “மிஸ், முதலில கடைப் பாணை நிறுத்துப் பார்ப்பம்” என்றார் மூத்த ராத்தா. நிறுத்தோம். 410 கிராம் காட்டியது.

ஒரு றாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும். 2024 இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை வெளியிட்ட வர்த்தமானி அறிவித்தலின்படி 13.5 கிராம் வரைதான் குறையலாம். அரை றாத்தல் 225 கிராம். அதில் 9 கிராம் குறையலாம். ஒவ்வொரு பாணிலும் 40 கிராம் குறைந்தால், நாளுக்கு இரண்டு பாண் வாங்கும் குடும்பம் மாதத்தில் 2,400 கிராமை இழக்கிறது. அது ஐந்து பாணுக்கும் மேல். அளவையில் மோசம் செய்வோரைப் பற்றிக் குர்ஆனில் ஒரு தனி அத்தியாயமே இருப்பதை ராத்தா அன்று நினைவூட்டினார்.

பழைய முறையில் நல்ல பாணுக்கு மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கும் போதும். ஐந்தாவதாக வேண்டியது நேரம். மாவை அவசரப்படுத்தாமல் பொங்க விட்டால்தான் ருசியும் மணமும் வரும். செங்கல் போறணைக்குள் விறகை எரித்து, தணலை வெளியே இழுத்து, கல்லில் தங்கிய சூட்டில் பாண் வேக வேண்டும்.

முதல் நாள் எங்கள் சகோதரிகளும் பிழை விட்டார்கள். 450 கிராம் மாவை உருட்டி அச்சில் வைத்தார்கள். வெந்து வந்த பாண் 400 கிராம்கூட இல்லை. வேகும்போது தண்ணீர் ஆவியாகி நிறை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. “ஒருத்தருக்கும் தெரியாது, வித்திடுவம்” என்றார் ஒருவர். கையிலிருந்தது கடன் காசு. அவர் சொன்னதைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ராத்தா சம்மதிக்கவில்லை. நிறை குறைவு என்று வெளிப்படையாகச் சொல்லி, விலையைக் குறைத்தே விற்றார்கள். அன்று நட்டம்தான். மறுநாள் 515 கிராம் மா வைத்தார்கள். பாண் சரியாக வந்தது. இன்று வாசலிலேயே தராசு இருக்கிறது. விரும்பியவர் நிறுத்துப் பார்த்து வாங்கலாம்.

யுத்தத்தில் தனித்துப்போன பெண்களைப் பாண் தாங்கியது இங்கு மட்டுமல்ல. தலிபான்களின் முதலாவது ஆட்சியில், காபூல் நகரில் உலக உணவுத் திட்டத்தின் உதவியுடன் விதவைகள் 25 ரொட்டிப் போறணைகளை நடத்தினார்கள். வேறு ஏழைக் குடும்பங்களுக்கும் அங்கிருந்தே மலிவு விலையில் ரொட்டி கிடைத்தது. 2000 ஓகஸ்டில் அவற்றை மூடும்படி கட்டளை வந்தது. மறுநாளே அது திரும்பப் பெறப்பட்டது. பெண்கள் மறுபடியும் மாப் பிசைந்தார்கள்.

சகோதரிகளே, நீங்களும் இத்தொழிலைத் தொடங்க நினைத்தால் பெரிய இயந்திரத்துக்காகக் கடன்படாதீர்கள். முத்திரையிட்ட தராசு ஒன்றை முதலில் வாங்குங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரத்தைப் பதிவு செய்யுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களே அழைத்து இடத்தைக் காட்டுங்கள். மா, விறகு, உங்கள் கூலி ஆகிய மூன்றையும் கொப்பியில் எழுதிய பிறகே விலையைத் தீர்மானியுங்கள். கூலியை எழுத மறப்பதுதான் எம்மில் பலர் விடும் தவறு.

வாங்கும் பாண் நிறை குறைந்திருந்தால் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். அதற்கு முன் உங்கள் வீட்டுப் பாணை ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். அது உங்கள் பிள்ளைகளின் பங்கு.