8 மீட்டரும் 53 மீட்டரும்: மூழ்கிய போர்க்கப்பலுக்குள் போகலாமா?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே கடலுக்கடியில் சுவர்களும் செதுக்கிய கற்களும் கிடப்பதை 2002-ல் தேசியக் கடலியல் நிறுவனத்தின் டைவர்கள் இறங்கிப் பார்த்துப் பதிவு செய்தார்கள். ஆழம் 5 முதல் 8 மீட்டர்தான். செங்கல்பட்டுப் பக்கத்துக்காரன் என்பதால், இந்தப் பேச்சு எடுத்தாலே என்னிடம் ஒரு கேள்வி வரும்: “கல்லு கிடக்கட்டும் சார், நம்ம கடல்ல முழுகின போர்க்கப்பல் ஏதாவது இருக்கா? உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?”

இருக்கிறது. இதே வங்கக்கடலில், தெற்கே, இலங்கையின் மட்டக்களப்புக்கு எதிரே. பெயர் ஹெர்மிஸ். உள்ளே போக முடியுமா என்பதற்குத்தான் பதில் கொஞ்சம் நீளம்.

கப்பல் எப்படி அங்கே போனது?

விமானம் தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல்களில் ஒன்று, பிரிட்டிஷ் கடற்படையின் ஹெர்மிஸ். 1918-ல் கட்டத் தொடங்கி 1924-ல் பணியில் சேர்த்தார்கள். நீளம் சுமார் 183 மீட்டர்.

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று ஊரே காலி ஆனது. அரசு அலுவலகங்களையே உள்நாட்டுக்கு மாற்றினார்கள். எழும்பூரிலிருந்து தெற்கே போன ரயில்கள் எல்லாம் நம்ம செங்கல்பட்டு வழியாகத்தான் போயிருக்கும்.

தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்ததும் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து ஹெர்மிஸை வெளியேற்றினார்கள். அப்போது அதில் ஒரு போர் விமானம்கூட இல்லை. ஏப்ரல் 9 காலை மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானிய விமானங்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டன. தாக்குதல் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கியது. கேப்டன் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலியக் கப்பல் வாம்பயரும் அன்றே மூழ்கியது. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏறக்குறைய 600 பேரைக் கடலிலிருந்து மீட்டது.

இப்போது ஹெர்மிஸ் கிடப்பது சுமார் 53 மீட்டர் ஆழத்தில்.

8-க்கும் 53-க்கும் என்ன வித்தியாசம்?

கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆக 8 மீட்டரில் மொத்த அழுத்தம் 1.8 மடங்கு, 53 மீட்டரில் 6.3 மடங்கு. இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அந்த அழுத்தத்தில்தான் வர வேண்டும். அதனால் அதே மடங்கு காற்று செலவாகும்.

ஒரு சின்னக் கணக்கு. சாதாரண 12 லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் சுமார் 2,400 லிட்டர் காற்று. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுபவர் என்று வைத்துக்கொள்வோம். மாமல்லபுரம் ஆழத்தில் 36 லிட்டர் செலவு, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஹெர்மிஸ் ஆழத்தில் 126 லிட்டர். 19 நிமிடத்தில் சிலிண்டர் காலி! அதற்குள் இறங்கவும் வேண்டும், ஏறவும் வேண்டும்.

அது மட்டுமில்லை. அந்த ஆழத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் போதை மாதிரி மூளையை மந்தமாக்கும். அதே நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேர்ந்துகொண்டே போகும். வேகமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, ரத்தத்தில் குமிழி கட்டும். ஆகவே இடையிடையே நின்று நின்றுதான் ஏற முடியும். அடியில் இருந்த நேரத்தைவிட ஏறும் நேரம் அதிகமாகிவிடும். இதனால்தான் பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். அதைத் தாண்டுபவர்கள் ஹீலியம் கலந்த வாயுவும் கூடுதல் சிலிண்டர்களும் தனிப் பயிற்சியும் இல்லாமல் இறங்குவதில்லை.

உள்ளே போனால்?

திறந்த கடலில் பிரச்சினை வந்தால் தலைக்கு மேலே தண்ணீர்தான், மெதுவாக ஏறலாம். கப்பலுக்குள் தலைக்கு மேலே இரும்புத் தகடு. வந்த வழியேதான் திரும்ப வேண்டும். பத்தாண்டுக் கணக்கில் படிந்த வண்டல், துடுப்பு ஒருமுறை பட்டாலே கிளம்பிக் கண்ணை மறைக்கும். நாம் விடும் குமிழிகள் பட்டே மேலிருந்து துரு உதிரும். சாய்ந்து கிடக்கும் கப்பலில் சுவர் தரையாகவும் தரை சுவராகவும் இருக்கும். அதனால் நுழைபவர்கள் வாசலிலிருந்தே ஒரு கயிற்றைக் கட்டி விட்டுக்கொண்டு போவார்கள். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு என்பது விதி.

இவ்வளவும் சரியாகச் செய்யும் திறமைசாலிகள் இருக்கிறார்கள். ஆனால் என் தயக்கம் வேறு. கப்பலோடு போனவர்களுக்கு அதுதான் கல்லறை. ‘பார்க்கலாம், தொடக்கூடாது, உள்ளே நுழையக்கூடாது’ என்று பல டைவர்கள் தாங்களாகவே ஒரு கோடு போட்டுக்கொள்வது இதனால்தான். அந்தக் கோட்டை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியக் கடலில் உதாரணம் இருக்கிறது. 1941-ல் மூழ்கிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய இரண்டு கப்பல்களையும் பழைய இரும்புக்காகப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். 2023-ல் மலேசிய அதிகாரிகள் இது தொடர்பாக ஒரு சீனக் கப்பலையே பிடித்தார்கள்.

கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அதே ஏப்ரல் 9 அன்று, அதே கடலில் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 25 மீட்டரில் உடைந்து கிடக்கிறது. முறையான பயிற்சி இருந்தால் வெளியிலிருந்தே சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கடல் தெளியும் ஏப்ரலுக்குப் பிறகு போங்கள். மட்டக்களப்பில் டைவரைச் ‘சுழியோடி’ என்பார்கள். அந்தக் கடலை அறிந்த சுழியோடி ஒருவர் இல்லாமல் இறங்காதீர்கள்.