வேர்டில் டைப் செய்தாலே கண் எரியுதா? ஸ்கிரீன் நிறத்தை இப்படி மாத்திப் பாருங்க!

நாள் முழுக்க வேர்டில் வேலை பார்ப்பவர்களுக்குக் கண் எரிச்சல், தலைவலி வருவது சகஜம். பளிச்சென்ற வெள்ளைப் பக்கம் உறுத்தினால், அதைக் கருப்பாக மாற்றிக்கொள்ள வழி இருக்கு.

எப்படி மாற்றுவது?

மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்கள் 'ஃபைல்' மெனுவில் 'அக்கவுண்ட்' போய், 'ஆபீஸ் தீம்' என்ற இடத்தில் 'பிளாக்' கொடுத்தால் போதும். மெனுவோடு பக்கமும் கருப்பாகிவிடும். பக்கம் மட்டும் வெள்ளையாக வேண்டுமா? 'வியூ' டேபில் 'ஸ்விட்ச் மோட்ஸ்' அழுத்துங்க.

பிரிண்டும் கருப்பா வருமா?

வராது. மாறுவது உங்க ஸ்கிரீன் மட்டும்தான், ஃபைல் அல்ல. ஆனால் 'டிசைன்' டேபில் 'பேஜ் கலர்' மாற்றினால் கதையே வேறு. அந்த நிறம் ஃபைலோடு சேர்ந்து, வாங்குபவரின் ஸ்கிரீனுக்கும் போய்விடும். ஆபீஸுக்கு அனுப்பும் ஃபைலில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

எல்லோருக்கும் செட் ஆகுமா?

ஆஸ்டிக்மாடிசம் என்ற பார்வைக் குறைபாடு உள்ள சிலருக்குக் கருப்பில் வெள்ளை எழுத்து மங்கலாகத் தெரியும். அவர்கள் வெள்ளைப் பக்கத்தையே வைத்துக்கொண்டு, அறை வெளிச்சத்துக்கு ஏற்ப பிரைட்னஸைக் குறைக்கலாம்.

நிறம் மட்டும் போதாது!

நிமிடத்துக்கு சுமார் 15 முறை கண் சிமிட்டும் நாம், கம்ப்யூட்டர் முன் 5 முதல் 7 முறைதான் சிமிட்டுகிறோம் என்கிறது அமெரிக்க கண் மருத்துவ அகாடமி. கண் காய்ந்து எரிய இதுவே முக்கியக் காரணம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பாருங்க. அப்படியும் எரிச்சல் தொடர்ந்தால், கண் டாக்டரைப் பார்ப்பதே சரி.