கட்டைக்குள் அடங்கும் பந்தயக் கார்

கோவில்பட்டிக்கு மேற்கே, நெடுங்காலம் சங்கரன்கோவில் வட்டாரத்தோடு சேர்த்து எண்ணப்பட்டு வந்த இளையரசனேந்தலைப் போன்ற கரிசல் ஊர்களில், தீப்பெட்டித் தொழில் வீட்டுத் திண்ணை வரை வந்து குடியேறியிருந்த நாட்களில், பெரியவர்கள் பெட்டி ஒட்டுவதிலும் குச்சிகளைக் கட்டையில் அடுக்குவதிலும் முனைந்திருக்க, கழித்துப் போட்ட பெட்டிகளைப் பொறுக்கி நூலில் கோத்து, ரயில் என்றும் லாரி என்றும் பெயர் சூட்டி இழுத்துக்கொண்டு திரிவது பிள்ளைகளுக்கு நித்திய வழக்கமாக இருந்தது. எல்லாப் பெட்டிகளும் ஒரே அளவு. வெட்டினால் பிய்ந்துவிடும், வளைத்தால் உடைந்துவிடும். இந்த நிர்ப்பந்தத்துக்கு உட்பட்டு, ஒரு பெட்டியைப் படுக்கவைத்து, மற்றொன்றை நிறுத்திவைத்து, மூன்றாவதைப் பாதி திறந்துவைத்துப் பார்த்தவுடன் ‘இது கார்தான்’ என்று பிறர் ஒப்புக்கொள்ளும்படி செய்வதற்கு எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும் என்பது செய்து பார்த்தவர்களுக்கே விளங்கும்.

அதே வித்தையை, பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்டு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நரைகண்ட மனிதர்கள் பலர் இன்று ஒரு சாஸ்திரமாகவே பயின்று வருகிறார்கள். அவர்களுடைய அபிமானம் முழுவதும் பழைய பந்தயக் கார்களின் மீது: 1920-களின் புகாட்டி, 1950-களின் மெர்சிடிஸ், மஸராட்டி, வான்வால், அவற்றுக்குப் பின் வந்த லோட்டஸ் முதலியவை. எஞ்சின் மூடியைத் தூக்கினால் உள்ளே எஞ்சின் இருக்க வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரங்கள் திரும்ப வேண்டும். காரை அழுத்தினால் ஸ்பிரிங் அமுங்கி எழ வேண்டும். இவ்வளவும் கடையில் கிடைக்கும் கட்டைகளைக் கொண்டே, ஒன்றைக்கூட அறுக்காமல், பசையோ வர்ணமோ தடவாமல் நிறைவேற வேண்டும் என்பது அவர்களுள் கண்டிப்பானவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விரதம்.

கட்டையின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டென்மார்க்கில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-இல் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். இங்கிலாந்தில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர் முன்னரே இயற்றியிருந்த பிளாஸ்டிக் கட்டையைப் பார்த்து, அந்தத் தச்சரின் லெகோ கம்பெனி 1949-இல் தன் கட்டைகளை வெளியிட்டது. மூலபுருஷரான பேஜை உலகம் ஏறக்குறைய மறந்துவிட்டது. புகழ் இவ்வாறு இடம் மாறுவது வியாபார உலகில் புதிய சங்கதியன்று. 1958 ஜனவரி 28-ஆம் தேதி, கட்டையின் அடியில் உள்ளீடற்ற குழாய்களை வைத்துப் பிடிமானத்தை உறுதியாக்கும் முறைக்குக் காப்புரிமை கோரப்பட்டது. அவ்வாண்டில் வார்த்த கட்டை இன்று வார்க்கப்படும் கட்டையோடு பிசகின்றிப் பொருந்தும். 1977-இல் பற்சக்கரமும் அச்சும் துளையிட்ட சட்டங்களும் சேர்ந்த டெக்னிக் வரிசை வந்த பிறகுதான், காரின் தோலோடு நில்லாமல் அதன் எலும்பையும் நரம்பையும் கட்டுவது சாத்தியமாயிற்று.

இனி, ஒரு புகாட்டியைக் கட்ட உட்கார்ந்தவன் படும் பாட்டைக் கொஞ்சம் அருகில் நின்று பார்ப்போம். 1924-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் லியோன் நகரத்துப் பெரும் பந்தயத்தில், குதிரை லாட வடிவான ரேடியேட்டரும், எட்டுத் தட்டை ஆரங்களோடு அலுமினியத்தில் வார்த்த சக்கரங்களும், வரிசையாக எட்டு சிலிண்டர் கொண்ட இரண்டு லிட்டர் எஞ்சினுமாக ‘டைப் 35’ முதன்முதலாக இறங்கியது. அன்றைய தினம் டயர்கள் காலை வாரிவிட்டமையால் ஜயம் கிட்டவில்லையாயினும், பின்னர் அந்த நீலக் கார் ஈட்டிய வெற்றிகளுக்குக் குறைவில்லை.

இதைக் கட்டத் துணிபவன் முதலில் தேடுவது டயரைத்தான். மற்ற உறுப்புகளைக் கட்டைகளால் எப்படியாவது இட்டு நிரப்பலாம். டயரை மட்டும் கம்பெனி வார்த்த அளவிலேயே ஏற்றுக்கொண்டாக வேண்டும். நிஜமான காரின் டயர் விட்டம் சுமார் 71 சென்டிமீட்டர்; கைக்குக் கிடைக்கும் ரப்பர் டயர்களுள் ஒன்றின் விட்டம் 62.4 மில்லிமீட்டர். அதைத் தேர்ந்த அந்தக் கணமே, கார் முழுவதும் நிஜத்தில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்காக இருந்தாக வேண்டும் என்பது தீர்மானமாகிவிடுகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே நிஜத்தில் 2.4 மீட்டர், மாதிரியில் அது சுமார் 21 சென்டிமீட்டர். கட்டையின் மேலுள்ள குமிழ் ஒவ்வொன்றுக்கும் 8 மில்லிமீட்டர் இடம் என்பதால், கணக்கு 26 குமிழ்களும் சற்று மிச்சமும் என்று முடிகிறது. 26 குமிழ்களைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை. தூக்கத்தைக் கெடுப்பது அந்தச் சற்று மிச்சமே.

அந்த மிச்சத்தைச் சமாளிக்க உதவுவது கட்டையின் அளவிலேயே பொதிந்து கிடக்கும் ஒரு ரகசியம். தட்டையான கட்டையின் உயரம் 3.2 மில்லிமீட்டர், மூன்றை அடுக்கினால் முழுக் கட்டையின் உயரமான 9.6. ஐந்தை அடுக்கினால் 16 மில்லிமீட்டர் ஆகிறது. அதுவே இரண்டு குமிழ்களின் அகலமும் ஆகும். ஆகவே ஐந்து தட்டைகளின் அடுக்கைப் பக்கவாட்டில் சாய்த்துச் செருகினாலும், இரண்டு குமிழ் அகலமுள்ள குழியில் அது இம்மியும் பிசகாமல் உட்காரும். இந்த ஒரு சமன்பாட்டை அறிந்துகொண்டவனுக்குக் குமிழ் வானத்தை நோக்கித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் நீங்கிவிடுகிறது. பக்கத்துச் சுவரை வெளிப்புறம் நோக்கியும், எஞ்சின் மூடியைச் சாய்வாகவும், வாலாய்க் குறுகும் பின்புறத்தைக் கீல்களில் தொங்கவிட்டும் அமைத்து, சதுரத்தையன்றி வேறு வடிவமறியாத பொருளைக் கொண்டு புகாட்டியின் வளைவுகளை அவன் கண்ணுக்குக் காட்டிவிடுகிறான்.

அச்சில் வார்த்து மெருகேற்றிய உலோகப் பொம்மைக் கார்களைவிட இந்தக் கட்டைக் கார்களை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம் இதுதான். வார்ப்பவனுக்கு எல்லாம் வசப்படும். ஆகவே அவன் எதையும் தீர ஆலோசிக்க வேண்டிய அவசியம் இல்லை. கட்டை கட்டுபவனுக்கோ பாதிதான் வசப்படும். எனவே இந்தக் காரில் எதை இழந்தாலும் இது புகாட்டியாக இருக்கும், எதை இழந்தால் புகாட்டியாக இராது என்று ஒவ்வோர் உறுப்பையும் நிறுத்துப் பார்த்தாக வேண்டும். லாட வடிவ ரேடியேட்டர் போனால் எல்லாம் போயிற்று. கண்ணாடித் துண்டு போனால் பாதகமில்லை. இப்படித் தேர்ந்து தேர்ந்து பல மாதங்கள் கழிந்த பிறகு, அந்தக் காரை அவன் அறிந்திருக்கும் அளவுக்கு அதை ஓட்டியவர்களிலும் சிலரே அறிந்திருப்பார்கள்.

நிறத்தின் விஷயத்தில் பழைய காலமே கட்டுபவனுக்கு ஒத்தாசை செய்கிறது. அக்காலத்தில் பந்தயக் கார்கள் தத்தம் தேசத்தின் நிறத்தைத் தாங்கி ஓடின: பிரான்சுக்கு நீலம், இத்தாலிக்குச் சிவப்பு, இங்கிலாந்துக்குப் பச்சை, ஜெர்மனிக்கு வெள்ளை, பிற்பாடு வெள்ளி. விளம்பரச் சித்திரம் ஒட்டும் தொல்லை இல்லை. வெள்ளி நிறக் கட்டை எல்லா வடிவிலும் கிடைப்பதில்லையாதலால், 1954-இல் ஃபாஞ்சியோ என்ற பந்தய வீரர் ஓட்டி வென்ற மெர்சிடிஸைப் பலர் சாம்பல் நிறத்தில் கட்டுகிறார்கள். மினுமினுப்பைவிட அந்தச் சாம்பலே யந்திரத்தின் கம்பீரத்துக்குப் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

லெகோ கம்பெனியும் சும்மா இருந்துவிடவில்லை. 1988-ஆம் ஆண்டின் 16 பந்தயங்களில் 15-ஐ வென்ற மெக்லாரன் காரை, அதன் ஓட்டுநர் அயர்ட்டன் சென்னாவின் உருவத்தோடு, 693 உறுப்புகள் கொண்ட பெட்டியாக 2024-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு மயாமி பந்தயத்தில், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நான்கு லட்சம் கட்டைகள் கொண்ட முழு அளவுக் கார்களில் ஓட்டுநர்கள் பவனி வந்தார்கள். அது விமரிசையான வேடிக்கை; அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

விலைதான் நம்மவருக்கு முட்டுக்கட்டை. ஆயினும் அதற்கும் ஒரு பரிகாரம் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்னும் வாலிபர், கட்டைகளைக் கம்ப்யூட்டர் திரையிலேயே அடுக்கிப் பார்க்கும் எல்ட்ரா என்ற முறையை 1995-இல் வகுத்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் அற்பாயுளில் மறைந்தார். அவர் இட்ட அஸ்திவாரத்தின்மேல் எழுந்த இலவச மென்பொருள்கள் இன்று பல உள்ளன. இளையரசனேந்தலில் ஒரு மாணவனிடம் கட்டை ஒன்றுகூட இல்லாவிட்டாலும், பள்ளியிலோ வீட்டிலோ ஒரு கம்ப்யூட்டர் இருந்தால், காசு செலவின்றி ஒரு புகாட்டியைக் கட்டிக் கலைக்கலாம்.

ஆனால் அவன் புகாட்டியைத்தான் கட்ட வேண்டுமா? நம் நாட்டிலேயே ஓடிய பந்தயக் கார்கள் உண்டு; அவன் ஊர்த் தீப்பெட்டிக்கும் பொம்மைக் காருக்குமே பழைய உறவு உண்டு. லண்டனில் லெஸ்னி கம்பெனியின் ஜாக் ஓடெல், தம் மகளின் பள்ளிக்கூடத்தில் தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே அனுமதித்தார்கள் என்பதற்காக, அப்பெட்டிக்குள் அடங்கும் ரோடு ரோலர் ஒன்றைச் செய்து கொடுத்ததிலிருந்துதான், 1953 முதல் உலகெங்கும் பரவிய ‘மேட்ச்பாக்ஸ்’ கார்கள் பிறந்தன. அதே 1953-இல்தான் நம் சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. யுத்த காலத்தில் போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில், பின்னர் 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தளம் திறக்கும் காலம் வரை, அந்தச் சங்கத்தார் நடத்திய பந்தயங்களுக்கு ஜனங்கள் திரள் திரளாகச் சென்றார்கள். கோயம்புத்தூர் சுந்தரம் கரிவரதன் மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சினை வைத்து எளிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார்; 1995-இல் சிறு விமான விபத்தில் அவர் உயிர் நீத்தார். அவர் வகுத்த ‘ஃபார்முலா மாருதி’ என்னும் அந்தப் பந்தய வகையில் பழகிய நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., பிறகு பந்தய டயரும் செய்து, 1987-இல் ஃபன்ஸ்கூல் என்ற பொம்மைக் கம்பெனியையும் தோற்றுவித்தது. பொம்மைக்கும் பந்தயத்துக்கும் நம் நாட்டில் இவ்வளவு நெருங்கிய உறவு இருந்தும், சோழவரத்தில் ஓடிய கார்களின் நுணுக்கமான மாதிரி ஒன்று கடையில் விற்று நான் கண்டதில்லை. அந்தக் காரியத்தைக் கம்பெனி செய்யும் என்று காத்திராமல் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஆதலால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு ஆல்பத்தில் சோழவரத்தில் எடுத்த புகைப்படம் ஏதேனும் இருந்தால், குறிப்பாகக் காரின் பக்கவாட்டுத் தோற்றமும் இரண்டு சக்கரங்களும் தெரியும் படமாக இருந்தால், காரின் பெயரையும் ஆண்டையும் ஓட்டியவர் பெயரையும், தெரிந்தால் டயரின் அளவையும் அதன் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். கட்டை அடுக்கத் தெரிந்த பிள்ளை யாராவது கேட்டால் படத்தைப் பிரதி எடுக்கக் கொடுங்கள். டயரின் விட்டம் ஒன்று தெரிந்துவிட்டால், காரின் மற்ற அளவுகளைப் படத்திலிருந்தே அவன் கணக்கிட்டுக்கொள்வான்.