இருட்டை அளப்பவர்கள்

பிப்ரவரியில் மேகாலயாவின் குகைகளில் வெள்ளம் வடிந்திருக்கும். ஹெல்மெட் விளக்கோடு சிலர் பாறை இடுக்கில் தவழ்ந்து நுழைகிறார்கள். முன்னால் போனவர் ஓரிடத்தில் நிற்க, பின்னால் வருபவர் லேசர் கருவியால் தூரத்தை அளக்கிறார். திசை, சரிவு, அகலம் எல்லாம் குறிப்பேட்டில் ஏறுகின்றன. பிறகு அடுத்த இடம், அடுத்த அளவு. குகையின் வரைபடம் இப்படித்தான் உருவாகிறது.

ஷில்லாங்கைச் சேர்ந்த பிரையன் கார்ப்ரான் டேலியும் அவரது மேகாலயா அட்வென்ச்சரர்ஸ் அசோசியேஷனும், பிரிட்டனின் சைமன் புரூக்ஸ் உள்ளிட்ட வெளிநாட்டு ஆய்வாளர்களோடு 1992-ல் இந்த வேலையைத் தொடங்கினார்கள். இதுவரை 400 கிலோமீட்டருக்கும் அதிகமான பாதைகள் அளக்கப்பட்டுவிட்டன. ஜெயந்தியா மலையின் கிரெம் லியாட் பிரா குகை மட்டுமே 30 கி.மீ.யைத் தாண்டுகிறது. மாவ்சின்ராம் பகுதியில் உள்ள கிரெம் பூரி சுமார் 24.5 கி.மீ. நீளம், மணற்பாறைக் குகைகளில் உலகிலேயே நீளமானது.

சோஹ்ராவுக்கு (சிரபுஞ்சி) அருகே உள்ள மாவ்ம்லூ குகையின் கதை இன்னும் பெரிது. கூரையிலிருந்து சொட்டும் நீரின் சுண்ணாம்பு, தரையில் படிந்து தூணாக வளர்கிறது. அப்படி வளர்ந்த ஒன்றின் அடுக்குகளை ஆராய்ந்தபோது, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நலிந்ததற்கான தடயம் கிடைத்தது. அதை ஆதாரமாக வைத்தே, பூமியின் வரலாற்றில் நாம் வாழும் காலப்பிரிவுக்கு 2018-ல் 'மேகாலயன்' என்று பெயர் சூட்டினார்கள்.

இந்தக் குகைகளில் உயிர்களும் உண்டு. ஜெயந்தியா குகை நீரில் வாழும், பார்வையில்லாத ஒரு மீன் 2023-ல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. நிலத்தடியில் வாழும் மீன்களில் அறியப்பட்டவற்றுள் இதுவே மிகப் பெரியது. 40 சென்டிமீட்டருக்கும் அதிகமாக வளர்கிறது. அங்கு வாழும் ப்னார் மக்களின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.

ஆபத்து மேலிருந்து வருகிறது. பெரும்பாலான குகைகள் உருவாகியிருக்கும் சுண்ணாம்புப் பாறைதான் சிமென்ட் ஆலைகளுக்கும் மூலப்பொருள். மலையை வெட்டினால் அடியில் உள்ள குகை இடியும். கழிவு கலந்தால் அதனுள் ஓடும் நீர் கெடும். அதனால்தான் குகை ஆர்வலர்கள் சுரங்கங்களுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்.

மாவ்ம்லூவுக்கு 2022-ல் உலகின் முதல் 100 நிலவியல் பாரம்பரியத் தலங்களின் பட்டியலில் இடம் கிடைத்தது. பெயர் பெறாத மற்ற குகைகளுக்கும் பாதுகாப்பு தேவை. சுரங்க அனுமதி தரும்முன், அந்த மலைக்கு அடியில் குகை உண்டா என்று அளந்து பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்கான அனுபவமும் வரைபடங்களும் குகைகளை அளந்துவரும் இந்த ஆர்வலர்களிடம் தயாராக இருக்கின்றன.