துடிப்பு தவறினால் சொல்லும் கடிகாரம்

ஸ்மார்ட் வாட்சைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் பச்சை விளக்குகள் மினுக்குவது தெரியும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். இதயம் துடித்து மணிக்கட்டுக்கு ரத்தம் பாயும்போது தோலிலிருந்து திரும்பி வரும் ஒளி குறைகிறது. ரத்தம் வடியும்போது கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் கடிகாரம் நாடி பார்க்கிறது. துடிப்புகளுக்கு இடையிலான நேரம் தாறுமாறாகவே இருந்தால் எச்சரிக்கிறது.

அது தேடுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். அங்கே தேங்கும் ரத்தம் உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். வயது ஏற ஏற இந்தக் கோளாறு பெருகும். பலருக்குப் படபடப்புகூட இருக்காது. வந்து வந்து போகும் வகையோ, மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுக்கும் சில நொடிகளில் தலைகாட்டாமலே இருந்துவிடும். எனவேதான் நாள்கணக்கில் கண்காணிக்கும் கருவிக்கு இத்தனை மதிப்பு. 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நார்மன் ஹோல்டர் நடமாடும்போதே இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியை உருவாக்கியபோது, முதுகில் சுமக்க வேண்டிய அதன் எடை ஏறத்தாழ 38 கிலோ!

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 4,19,297 பேரை வைத்து ஆப்பிள் வாட்சைச் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டது. எச்சரிக்கை வந்தது மொத்தத்தில் 0.52 விழுக்காட்டினருக்குத்தான். நாற்பதுக்கு உட்பட்டவர்களில் 0.16 விழுக்காடு, 65 வயதைத் தாண்டியவர்களில் 3.1 விழுக்காடு. நோய் அரிதாக உள்ள வயதில் வரும் எச்சரிக்கைகளில் பொய்யானவை அதிகம். பரவலாக உள்ள வயதில் மெய்யானவை அதிகம். ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் 65-ஐக் கடந்தவர்கள் 6 விழுக்காடு மட்டுமே. யாருக்கு அதிகம் பயன்படுமோ, அவர்கள் கையில் கடிகாரம் இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அதற்காக, வாங்கிக் கட்டிவிட்டால் பக்கவாதம் வராது என்றும் சொல்லிவிட முடியாது. டென்மார்க்கில் 70 முதல் 90 வயதுக்குட்பட்ட 6,004 பேரிடம் நடந்த 'லூப்' ஆய்வு 2021-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குத் தோலுக்கடியில் சிறு பதிவுக் கருவி வைத்து, ஐந்தாண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். கருவி வைத்தவர்களில் 31.8 விழுக்காட்டினரிடம் கோளாறு பிடிபட்டது, வைக்காதவர்களில் 12.2. பக்கவாதமோ வேறு உறுப்பில் ரத்தக்கட்டி அடைப்போ வந்தவர்கள் முறையே 4.5, 5.6 விழுக்காடு. புள்ளியியல்படி இந்த வேறுபாட்டை உறுதியான பலன் என்று கொள்ள முடியவில்லை. சில நிமிடங்களே நீடிக்கும் கோளாறையெல்லாம் கருவி கண்டுபிடிக்கிறது. அவை அனைத்துக்கும் மருந்து தேவையா என்பது வேறு கேள்வி. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளால் ரத்தக்கசிவு ஏற்படலாம். வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார்.

ஆகவே, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வாங்கித் தருபவர்கள் கவனியுங்கள். எச்சரிக்கை வந்தால் பதற்றப்பட வேண்டாம், இ.சி.ஜி. எடுத்து உறுதி செய்யுங்கள். எச்சரிக்கை வராததை நற்சான்றாகவும் கொள்ளாதீர்கள். இந்தக் கடிகாரங்களால் மாரடைப்பைக் கண்டறிய முடியாது. நெஞ்சுவலி வந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். கீழே விழுந்தால் தகவல் அனுப்பும் வசதி சில மாடல்களில் உண்டு. குளியலறையில் கழற்றி வைத்துவிட்டால் அதனாலும் பயனில்லை. தகவல் யார் கைபேசிக்குப் போகும், அவர் எவ்வளவு நேரத்தில் வந்து சேர்வார் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஊசி குத்தாமல் சர்க்கரை அளவைச் சொல்வதாக விற்கப்படும் கடிகாரங்களை மட்டும் வாங்கவே வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அவை காட்டும் எண்ணை நம்பி இன்சுலின் அளவைக் கூட்டினால் சர்க்கரை சரசரவென்று இறங்கி, சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம்.