பரிசுப் பெட்டியில் பழம் எத்தனை?

தீபாவளி நெருங்கிவிட்டால் நம் நாட்டின் நகரங்களில் தவறாது கைமாறும் பொருள்களுள் ஒன்று, நான்கு அறைகள் கொண்ட அட்டைப்பெட்டி. பாதாம், முந்திரி, பிஸ்தா, உலர்திராட்சை என அறைக்கு ஒன்று. பெற்றவர் பிரிக்காமலே அதை அடுத்தவருக்கு அனுப்புவதும், அது ஊரைச் சுற்றி முதலில் கொடுத்தவரிடமே வந்து நிற்பதும் நண்பர்களிடையே தீராத கேலி.

இவ்வாண்டு வாழ்த்துச் செய்தியோடு ஒரு புதிரையும் அனுப்பிப் பாருங்கள். ‘உலர்பழங்கள்’ என்று அச்சிட்ட இப்பெட்டியில் உண்மையான பழம் எத்தனை? ஒன்றே ஒன்று, உலர்திராட்சை. மற்ற மூன்றும் விதைப்பருப்புகள். தாவரவியல் முறைப்படி பாதாம் ரோஜாவின் குடும்பம். முந்திரியும் பிஸ்தாவும் மாமரத்தின் பங்காளிகள்.

இவற்றுள் குறும்பு மிகுந்தது முந்திரியே. பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மரம் இது. இந்தியில் வழங்கும் ‘காஜூ’ என்ற பெயரும் அவர்கள் வழியாக வந்ததே. நாம் முந்திரிப்பழம் என்பது பருத்த காம்பு மட்டுமே. கோவாவில் அதன் சாற்றிலிருந்துதான் ஃபெனி வடிக்கிறார்கள். காம்பின் நுனியில் தொங்கும் கொட்டையே மெய்யான கனி. அது வெளியே முந்திக்கொண்டு நிற்பதைக் கண்டுதான் அவசரக்காரரை ‘முந்திரிக்கொட்டை’ என்கிறோம். நம் புதிருக்கு யோசியாமல் ‘நான்கு’ என்று விடை அனுப்பும் நண்பருக்கு அப்பட்டத்தைத் தாராளமாகச் சூட்டலாம்.

கணக்கில் ஆர்வமுடையோர்க்கு இன்னொன்று. முந்திரிப் பொட்டலத்தில் டபிள்யூ 180, 240, 320 என்றெல்லாம் தரக் குறியீடு இருக்கும். டபிள்யூ என்பது உடையாத வெள்ளைப் பருப்பைக் குறிக்கும். எண், ஒரு பவுண்டு அதாவது ஏறத்தாழ 454 கிராம் எடையில் அதிகபட்சம் எத்தனை பருப்புகள் இருக்கும் என்பதைக் கூறும். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் அதிகம். பரவலாக விற்பனையாவது 320. நம் முன்னோரின் பின்னக் கணக்கிலோ 320இல் ஒரு பங்குக்கு ‘முந்திரி’ என்றே பெயர்! அம்மரம் இந்நாட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வழங்கிய அளவு அது. தற்செயல்தான், ஆயினும் சுவையான தற்செயல்.

முழுப்பருப்பின் விலைக்கு எளிய காரணம் உண்டு. கொட்டையின் ஓட்டுக்குள் தோலைப் புண்ணாக்கும் கடுமையான எண்ணெய் இருக்கிறது. வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ ஓட்டை உடைத்து, உள்ளிருக்கும் வளைந்த பருப்பைச் சிதையாமல் எடுத்து, மெல்லிய தோலையும் உரிக்க வேண்டும். இயந்திரங்கள் வந்த பின்னும் கேரளத்தின் கொல்லத்திலும் தமிழகத்தின் பண்ருட்டிப் பகுதியிலும் இவ்வேலையில் பெரும்பகுதியைச் செய்வோர் பெண்களே. கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு உடைத்தாலும் விரல்கள் கறுத்துத்தான் போகின்றன. பருப்பு இரண்டாகப் பிளந்துவிட்டால் அதன் விலை இறங்கிவிடும், சுவை இறங்குவதில்லை. ஆகவே பாயசத்துக்கும் கேசரிக்கும் முழுப்பருப்பு வாங்குவது, என் கருத்தில், வீண் செலவு. பரிசுக்கு வேண்டுமானால் முழுதாக இருக்கட்டும்.

வாங்கும்போது பெட்டியின் பகட்டைப் பாராமல், அதில் அச்சிட்டுள்ள நிகர எடையைப் பாருங்கள். அட்டையின் எடை அதில் சேரக் கூடாது என்பது சட்டம்.

இனிப்புப் பெட்டிக்கு வருமான வரிக் கவலை இல்லை. பணமாகக் கொடுத்தால் கதை வேறு. நண்பர்கள் உள்ளிட்ட உறவினர் அல்லாதோரிடமிருந்து ஒரு நிதியாண்டில் பெறும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி முழுத் தொகைக்கும் வரி உண்டு. திருமணப் பரிசு போன்ற சிலவற்றுக்கே விலக்கு. எத்தனை ஆண்டுப் பழக்கமானாலும், சட்டம் கூறும் ‘உறவினர்’ பட்டியலில் நண்பருக்கு இடமில்லை.