அபிப்பிராயத்துக்கு மதிப்பெண் உண்டா?

1935-ஆம் ஆண்டில் சர் பிலிப் ஹார்டாக் என்பவரும் ரோட்ஸ் என்பவரும் இங்கிலாந்தில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, பரீட்சைகளின்மேல் ஜனங்கள் வைத்திருந்த நம்பிக்கையைச் சற்றே அசைத்துவிட்டது. ஏற்கெனவே ஒரே மதிப்பெண் பெற்றிருந்த 15 சரித்திர விடைத்தாள்களை 14 பரீட்சகர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். ஓராண்டுக்குமேல் சென்றபின், அதே தாள்களை அதே பரீட்சகர்களிடம் மறுபடியும் கொடுத்தார்கள். தேர்ச்சியா, தோல்வியா, சிறப்புத் தேர்ச்சியா என்று சொல்லப்பட்ட 210 தீர்ப்புகளில் 92 மாறிப்போயின. பரீட்சகர்கள் ஒருவரோடொருவர் முரண்பட்டதைக்கூட மன்னித்துவிடலாம். தம்மோடு தாமே முரண்பட்டதற்கு என்ன சமாதானம் சொல்வது?

சரித்திரத்துக்கே இந்தக் கதி என்றால், அரசியல் பாடத்தின் நிலைமை இன்னும் சிக்கலானது. பரீட்சகரும் ஒரு வாக்காளர். அவருக்கும் ஒரு கட்சியின்மேல் பிரியமும் இன்னொன்றின்மேல் கசப்பும் இருக்கும். 'பிரிட்டிஷ் பார்லிமெண்டின் பிரபுக்கள் சபையைத் தேர்தல் மூலம் அமைக்கவேண்டும் என்ற கருத்தை மதிப்பிடுக' என்பதுபோன்ற வினாவுக்கு, அவருடைய அந்தரங்கக் கொள்கைக்கு நேர் விரோதமாக ஒரு மாணவன் எழுதியிருந்தால், அந்த விடையை அவர் எப்படிப் பாரபட்சமின்றித் திருத்துவார்?

இன்று இங்கிலாந்தில் ஏ-லெவல் என்னும் பள்ளி இறுதிப் படிப்புக்கு அரசியல் பரீட்சை நடத்தும் எடெக்ஸல் அமைப்பு, 30 மதிப்பெண் கட்டுரையை மூன்றாகப் பிரிக்கிறது: விஷய ஞானத்துக்குப் பத்து, பகுத்தாராய்வதற்குப் பத்து, சீர்தூக்கித் தீர்மானத்துக்கு வருவதற்குப் பத்து. மாணவன் எந்தத் தீர்மானத்துக்கு வந்தான் என்பதற்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை. எப்படி வந்தான் என்பதற்கே எல்லாம். விடைகள் ஆறாறு மதிப்பெண்கள் கொண்ட ஐந்து நிலைகளில் ஒன்றில் வைக்கப்படுகின்றன. ஒரு பகுதியைக் கொடுத்து அதில் கண்ட வாதங்களை மதிப்பிடச் சொல்லும் வினாவில், இரு தரப்பையும் சமநிலையோடு ஆராயாதவன் இரண்டாம் நிலையைத் தாண்ட முடியாது. நடை எவ்வளவு அழகாயிருந்தாலும் 12-க்குமேல் அவனுக்குக் கிடைக்காது. கட்சி மேடைக்கும் பரீட்சை மண்டபத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு விதியே நிலைநாட்டிவிடுகிறது என்பது என் எண்ணம்.

ஆனால் விதி எழுதிவிட்டால் போதுமா? ஒரு விடையின் வாதம் ஓரளவு பொருத்தமானதா, பெரும்பாலும் பொருத்தமானதா என்று எந்த அளவுகோலை வைத்துச் சொல்வது? இங்கேதான் முதன்மைப் பரீட்சகரின் வேலை தொடங்குகிறது. அவரும் அவருக்கு அடுத்த மூத்தவர்களும் உண்மையான விடைத்தாள்கள் சிலவற்றை முன்கூட்டியே எடுத்து, விவாதித்து, இதற்கு இத்தனை என்று நிர்ணயம் செய்கிறார்கள். மற்றப் பரீட்சகர்கள் அந்த மாதிரிகளைத் திருத்திப் பழகி, பிறகு வேறு சில தாள்களில் தங்கள் தீர்ப்பு மூத்தவர்களின் தீர்ப்போடு ஒத்துப்போகிறது என்று காட்டினால்தான், மாணவர்களின் விடைகள் அவர்கள் கைக்கு வருகின்றன. கச்சேரிக்குமுன் சுருதி சேர்ப்பது போன்றதுதான் இது: எந்தச் சுருதி என்பது பாடகரின் சௌகரியம், ஆனால் பக்கவாத்தியம் முழுவதும் அதிலேயே நின்றாகவேண்டும்.

நிற்கிறார்களா என்று பார்ப்பதற்கும் ஓர் உபாயம் உண்டு. விடைகள் கம்ப்யூட்டர் திரையில் பிரதியாக வருகின்றன. அவற்றின் நடுவே, மதிப்பெண் முன்பே தீர்மானிக்கப்பட்ட சில விடைகளும் எந்த அடையாளமுமின்றிக் கலந்து வருகின்றன. மோசமான விடைகள் வரிசையாக வந்தபின் வரும் சாதாரண விடை பிரமாதமாகத் தோன்றுவதும், மாலை நேரத்துக் களைப்பில் மனம் கடுமையாகிவிடுவதும் மனித சுபாவம். இந்த மறைவான விடைகள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அனுமதித்த எல்லையைமீறி விலகுகிறவர் நிறுத்தப்படுகிறார். தேவையானால் அவர் திருத்திய தாள்கள் வேறொருவரிடம் போகின்றன.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் கட்டுரைப் பாடம் கணிதமாகிவிடாது. மூத்த பரீட்சகர் தந்திருக்கக்கூடிய அதே கிரேடு மாணவனுக்குக் கிடைக்கும் வாய்ப்பைப் பற்றி, இங்கிலாந்தின் பரீட்சைக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்குவால் 2018-ல் வெளியிட்ட கணக்கில், கணிதப் பாடம் ஒன்றில் 96 சதவீதமாக இருந்தது, ஆங்கில மொழியும் இலக்கியமும் சேர்ந்த பாடத்தில் 52 சதவீதமே. இதை அவமானமாக நான் கருதவில்லை. கட்டுரையை ஒழித்துவிட்டுச் சரியான விடைக்குக் குறியிடும் வினாக்களை மாத்திரம் கேட்டால் அந்த எண் உயரும், ஆனால் பிரபுக்கள் சபையைப் பற்றி ஒருவன் யோசிக்கத் தெரிந்தவனா என்பது தெரியாமலே போய்விடும்.

மறுபரிசீலனை கோரும் மாணவனுக்கு 2016 முதல் அமலில் உள்ள நியதி சற்றுக் கடுமையானது. மறுபடி பார்க்கும் பரீட்சகர், நானாக இருந்தால் இரண்டு மதிப்பெண் கூடத் தந்திருப்பேன் என்று நினைத்தாலும், முதல் தீர்ப்பில் பிழை இருந்தாலொழிய அதைத் தொடக்கூடாது.